பெரிய மச்சான் நடை

என் புருசன் தலையில் முடி நின்று நான் அதிகம் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று மணவறையில் நிமிர்ந்து பார்த்தால் மொட்டை. தாலி கட்டக் குனிந்தபோது சந்தன வாசம் மூக்கில் ஏறியது. பழனிக்கு ஏதோ வேண்டுதல் போல, பக்தியுள்ள மாப்பிள்ளை என்று என் அம்மா பூரித்துப்போனாள். வேண்டுதல் இருந்தது உண்மைதான். வேண்டிக்கொண்டது இவருடைய அண்ணன்.

அந்தக் காலத்தில் புருசன் பேரைப் பொம்பளை வாயால் சொல்லக் கூடாது. எழுதினால் தப்பில்லை என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். இவர் பேர் சுருளிவேல். அண்ணன் ஆண்டிச்சாமி, எனக்குப் பெரிய மச்சான். இரண்டு வயது வித்தியாசம். ஆனால் ஒரே மூக்கு, ஒரே மீசை, ஒரே தோள். வேடசந்தூர் பக்கம் செம்மண் காடு எங்களுக்கு. சின்ன வெங்காயம் போடுவோம். காட்டு வேலை இவருக்கு, திண்டுக்கல் சந்தைக்குப் போய்ப் பேசுகிற வேலை பெரிய மச்சானுக்கு. பேச அவரை விட்டால் ஆள் கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சாமிக்கு வேண்டிக்கொண்டு அதைச் செய்ய முடியாமல் போனால், கூடப்பிறந்தவர் செய்யலாம். ஒரே ரத்தம்தானே, சாமி ஏற்றுக்கொள்ளும். முடியாமல் போனால் என்பதுதான் அதில் முக்கியம். பெரிய மச்சானுக்கு எப்போதுமே முடியாமல் போகும். வெங்காயம் விலை ஏறினால் மொட்டை என்று வேண்டுவார். விலை ஏறும். அன்றைக்குப் பார்த்துச் சந்தையில் அவருக்கு வேலை வந்துவிடும். இவர் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வருவார். மகன் பிறந்தால் செருப்பில்லாமல் பழனிக்கு நடப்பதாக வேண்டினார். மகன் பிறந்தான், இவர் நடந்தார். காளைக்கு வயிற்றுப்போக்கு நின்றால் கோயிலைச் சுற்றி உருளுவதாக வேண்டினார். காளை பிழைத்தது, இவர் உருண்டார். பழகிப்போய், பெரிய மச்சானுக்குச் சட்டை தைக்க அளவு கொடுக்கப் போனதும் இவர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டால், அண்ணன்தானே என்பார். அதற்கு மேல் அந்த மனுசனிடம் பேச்சு கிடையாது.

பாகிஸ்தான் சண்டை நடந்த வருசம், மூட்டை ஏற்றிய வண்டியின் உச்சியில் உட்கார்ந்து யாருக்கோ அறிவுரை சொல்லிக்கொண்டே போன பெரிய மச்சான் கீழே விழுந்தார். வலது தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்துபோனது. கட்டுப்போடுகிறவர்கள் கையை விரித்துவிட்டார்கள். டாக்டர் கிதர் முகம்மதுவிடம் கொண்டுபோனோம். அவர் திண்டுக்கல்காரர். குடும்பம் பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு வைத்திருந்தது. டாக்டர் மட்டும் சீமைக்குப் போய் எலும்பு வைத்தியம் படித்துவிட்டு வந்து மதுரையில் சொந்தமாக ஆஸ்பத்திரி நடத்தினார். முறிந்த எலும்பின் தலையை எடுத்துவிட்டு, பளபளவென்று ஓர் இரும்புக் குண்டை அங்கே பொருத்தி அனுப்பினார்.

பெரிய மச்சான் ஊருக்குள் வந்து இறங்கியபோது தேர் வந்தது போலக் கூட்டம். தொடையைத் தொட்டுப் பார்த்தார்கள். காதை வைத்துக் கேட்டார்கள். சைக்கிள் கடைக்காரர் காந்தம் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. டாக்டர் குண்டே வைக்கவில்லை, வெறுமனே தைத்துவிட்டார் என்று அன்று சாயங்காலமே ஒரு கட்சி கிளம்பிவிட்டது. அந்தக் கட்சியோடு சண்டை போடுவதிலேயே பெரிய மச்சானுக்குப் பாதி தெம்பு வந்தது.

ஆனால் டாக்டர் அவரைச் சும்மா அனுப்பவில்லை. இந்தக் குண்டு வெள்ளைக்காரனுக்காகச் செய்தது, அவன் நாற்காலியில் உட்காருகிறவன், நம் ஆள் சம்மணம் போடுவான், குத்தவைப்பான், வரப்பில் நடப்பான், இது எப்படி உழைக்கிறது என்று நான் மாதாமாதம் பார்த்தாக வேண்டும் என்று சொல்லி, வந்து காட்டுவதாகப் பழனி ஆண்டவர் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். பாய் வீட்டு டாக்டர், பழனி ஆண்டவர் மேல் சத்தியம். ஆளைப் பார்த்ததுமே அளந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு டாக்டர் திண்டுக்கல்லில் அப்பா வீட்டுக்கு வருவார். அவ்வளவு நீளமான இடம் வேறு எங்கும் இல்லை என்று, தோல் காயப்போடும் கொட்டகையில்தான் சோதனை. நாற்றம் குடலைப் புரட்டும். தரையில் சுண்ணாம்பால் நேராக ஒரு கோடு போட்டிருக்கும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்க வேண்டும். கோட்டின் மேலேயே நடந்து திரும்பி வர வேண்டும். கீழே கிடக்கிற கைக்குட்டையைக் குனிந்து எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், டாக்டர் நெஞ்சில் ஒரு விரலை வைத்து லேசாகத் தள்ளுவார். கடைசியில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். கம்பவுண்டர் பக்ருதீன் பாய் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மார்க் போடுவார்.

முதல் சோதனையன்று தோல் ஷாப்பு ஆட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பெரிய மச்சான் ஒற்றைக் காலைத் தூக்கினார். மீசையை முறுக்கிக்கொண்டார். அப்படியே பக்கத்திலிருந்த ஈரத்தோல் குவியலில் போய் விழுந்தார். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, இனி அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சத்தியம் என்னாவது என்று ராமுத்தாய் அக்கா கேட்டாள். அவர் சம்சாரம். பெரிய மச்சான் மீசையை நீவிக்கொண்டார்.

"சத்தியம் டாக்டருக்கா பண்ணுனேன்? ஆண்டவருக்குல்ல பண்ணுனேன். சாமி காரியத்தைத் தம்பி செய்யலாம்ல" என்றார்.

இதில் தப்பு இருப்பதாக வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மொட்டை போடவில்லையா, உருளவில்லையா, அது மாதிரி இது என்றார்கள். இரும்பு அவர் இடுப்பில் இருக்கிறது, இவர் நடந்து காட்டி என்ன பிரயோசனம் என்று நான் ஒருத்திதான் கேட்டேன். சாமி விசயத்தில் குறுக்கே பேசாதே என்று ராமுத்தாய் அக்கா என்னை அடக்கிவிட்டாள். இவர் வழக்கம் போல எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடைப் பயிற்சி. இரும்புக் கால்காரன் துள்ளி நடந்தால் டாக்டர் சந்தேகப்படுவார் என்று பெரிய மச்சான் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு பாடம் எடுத்தார். கிணற்றடிக்கும் தொழுவத்துக்கும் நடுவே இவர் சாய்ந்து சாய்ந்து நடப்பார். "ஏலே, இன்னும் கொஞ்சம் சாய்லே, என் நடை வரல" என்று அங்கிருந்து சத்தம் வரும். இவரும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு அச்சு அசலாக அப்படியே நடந்து காட்டுவார். எனக்கு அந்த நடையைப் பார்க்கவே பிடிக்காது.

அடுத்த மாத ஞாயிறு பெரிய மச்சானின் சட்டையைப் போட்டுக்கொண்டு இவர் போனார். கூட நான். பக்ருதீன் பாய் சீட்டிலிருந்த பேரைப் பார்த்துவிட்டு என்னிடம், வாங்க ராமுத்தாயம்மா என்றார். வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் எழுந்தார், நடந்தார், குனிந்தார், கைக்குட்டையை எடுத்து மடித்துக் கொடுத்தார். பட்டாபட்டி டிராயர் முட்டிவரைக்கும் மூடியிருந்ததால் தையல் தழும்பு இல்லாதது தெரியவில்லை. டாக்டருக்கு நடை மட்டும்தான் கண்ணில் பட்டது. ஒரு மாதத்தில் இப்படித் தேறிய ஆளை நான் கண்டதில்லை என்று பூரித்துப்போய், சீமையில் தன் வாத்தியாருக்கு எழுதப்போவதாகச் சொன்னார்.

மாதாமாதம் இப்படிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு டாக்டர் முகம் சுருங்க ஆரம்பித்தது. வலது காலில் நிற்கச் சொன்னால் இவருக்கு இடது பக்க இடுப்பு தொங்கிவிடுகிறது என்றார். அடுத்த தடவை இன்னும் மோசம் என்றார். வீட்டில் வந்து சொன்னதும் பெரிய மச்சான் இவரைக் கடிந்துகொண்டார். "ரொம்ப நடிச்சுட்டடா. கொறைச்சுக்க." இவர் சரி என்றார். கிணற்றடிப் பயிற்சி அதோடு நின்றது.

நடை நிற்கவில்லை. அடுக்களைக்கு வரும்போதும் அந்தச் சாய்வு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அந்தச் சாய்வு. வீட்டுக்குள்ளாவது மனுசனாக நடங்கள் என்று நான் கத்தினேன். ஒரு நாள் மத்தியானம் காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். என்னை இவர் பார்க்கவில்லை. வெங்காயக் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். சாய்ந்தார், நின்றார், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓரடி வைத்தார். அப்புறம் கூடையை இறக்கிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருமில்லாத காட்டுல யாருக்கு நடிச்சுக் காட்டுறீங்க?" என்றேன்.

"நடிக்கல வள்ளி. நிறுத்தி ரொம்ப நாளாச்சு. அதுபாட்டுக்கு வருது" என்றார்.

கஞ்சிக் கலயத்தை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை. இவர் முகத்திலோ கவலையே இல்லை. அண்ணன் கடனைக் காலில் எடுத்துக்கொண்டதால் அண்ணன் வலியும் இறங்கி இந்தப் பக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று எனக்கு விளக்கம் சொன்னார். அதற்குத் தோதாகப் பெரிய மச்சானும் அந்த மாதம் கம்பை வீசிவிட்டுச் சந்தைக்கு நடந்து போய்வர ஆரம்பித்திருந்தார். ஊரே நம்பியது. பெரிய மச்சான் எல்லாரையும்விட அதிகம் நம்பினார். தம்பி மாதிரி ஒருத்தன் யாருக்கு வாய்ப்பான் என்று சொல்லிச் சொல்லி அன்றைக்கு இரண்டு வெஞ்சனத்தோடு சோற்றை ஒரு பிடி பிடித்தார். அந்த இலையைத் தூக்கி அவர் தலையிலேயே கொட்டலாமா என்று எனக்கு இருந்தது. காலில்லாத மனுசனோடு நான் மிச்ச காலத்தை எப்படி ஓட்டுவது என்பதுதான் ராத்திரி பகலாக என் நெஞ்சில் ஓடியது.

எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படம்தானே, இரண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே என்று பெரிய மச்சான் தன் நல்ல சட்டையைக் கொடுத்து, மீசையை எண்ணெய் தடவிச் சீவிவிட்டு அனுப்பினார். படத்தை எடுத்துக்கொண்டு பக்ருதீன் பாய் கொட்டகைக்கு வந்தார். டாக்டர் அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிடித்த கையை இறக்கவே இல்லை. பிறகு ஆள் மாறிய படத்தைக் கொண்டுவந்துவிட்டதாகப் பக்ருதீன் பாயை வைதார். மறுபடி எடுக்கவைத்தார். மறுபடியும் அதே எலும்பு. டாக்டர் போய்த் தோல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆண்டிச்சாமி, நான் வச்ச குண்டு எங்க?"

"எங்க அண்ணன்கிட்ட பத்திரமா இருக்குங்கய்யா" என்றார் என் புருசன்.

பக்ருதீன் பாய் நாற்காலிக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தார். சுண்ணாம்புக் கோட்டின் கடைசி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான் ராமுத்தாய் இல்லை, சண்முகவள்ளி. இவர் ஆண்டிச்சாமி இல்லை, சுருளிவேல். குண்டு இருக்கிற ஆள் வீட்டில் கட்டிலில் காலாட்டிக்கொண்டிருக்கிறார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டாக்டர் போட்ட சத்தத்தில் தோல் ஷாப்பே அடங்கிப்போனது. குண்டு வைத்த ஆள் நன்றாகத் தேறினான் என்று முதலில் எழுதி, பிறகு மோசமாகிறான் என்று எழுதி, சீமைக்காரர்கள் அதைப் படித்துக் கவலைப்பட்டுப் பதிலும் போட்டுவிட்டார்களாம். கத்தி முடித்துவிட்டுப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். இந்தத் தடவை கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. இவரை உட்காரச் சொன்னார்.

"இது உங்க அண்ணன்கிட்ட இருந்து வந்த வலி இல்ல, சுருளிவேல். உங்களோடதுதான். உள்ள பந்து மாதிரி இருக்க வேண்டிய எலும்பு தேஞ்சு சப்பையாப் போச்சு. ரொம்ப வருசமா நடந்துக்கிட்டிருக்கு. ஒரு தடவகூட வலிக்கலையா?"

வலிக்கும்தான் என்றார் இவர். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இப்படியே விட்டால் கட்டிலோடு கட்டிலாகப் படுத்துவிடுவார், இவருக்கும் குண்டு வைத்துப் பார்க்கலாம், சரியாகும் என்று சத்தியம் பண்ண முடியாது என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் இவர். கேட்டவரைக்கும் போதும், ஆபரேசனுக்கு நாள் வையுங்கள் என்று நான் டாக்டரிடம் சொன்னேன்.

பெரிய மச்சான் சேதி கேட்டு வாய்விட்டு அழுதார். பொய்யழுகை இல்லை. தம்பி மேல் அவருக்கு உசிர். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. அழுது முடித்துவிட்டு, பழகின தோசத்தில், மேற்கே பார்த்துக் கையைத் தூக்கிவிட்டார். என் தம்பி பிழைத்து எழுந்தால் பழனிக்கு வந்து என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். மொட்டை போடுகிற ஆள் கட்டிலில் கிடப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நீங்க செரமப்பட வேணாம் மச்சான். நான் ஏற்கெனவே வேண்டிக்கிட்டேன். ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சா ஆண்டிச்சாமி மலையேறி மொட்டை போடுவாருன்னு" என்றேன்.

"என் தலையை வச்சு நீ எப்படி ஆத்தா வேண்டலாம்?"

"ஒரே வீடுதான மச்சான்."

ராமுத்தாய் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பெரிய மச்சான் அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து அப்போதுதான் பார்த்தேன்.

ஆபரேசன் முடிந்தது. ஒரே நாள் இரண்டு இடத்தில் இருக்க முடியாதே என்று, இவர் கண்விழித்துக் கஞ்சி குடிக்கிற வரைக்கும் காத்திருந்து, பிறகு பெரிய மச்சானோடு நானும் பழனிக்குப் போனேன். அவர் பாதி வழியில் ஆள் வைத்துவிடுவாரோ என்ற பயம்தான். ராமுத்தாய் அக்காவும் நானும் பின்னாலேயே ஏறினோம். இரும்புக் குண்டோடு அவர் ஒவ்வொரு படியாகக் காலை வைத்து ஏறினார். மண்டபம் மண்டபமாக உட்கார்ந்தார். காவடிக்காரர்கள் தாண்டிப் போனார்கள், சின்னப் பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் கொளுத்தியது. அடிவாரத்திலேயே மழித்திருந்த புது மொட்டையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. தலையைத் தடவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வெயில் மூளைக்குள்ள எறங்குது வள்ளி. இத்தன வருசத்துல அவன் ஒரு வார்த்த சொல்லலையே."

என் கோபம் பாதி அங்கே இறங்கிவிட்டது. மீதியை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

சில மாதம் கழித்து மறுபடியும் அதே கொட்டகை, அதே நாற்றம். இந்தத் தடவை இரண்டு பேரையும் சேர்த்தே வரச் சொல்லியிருந்தார் டாக்டர். பக்ருதீன் பாய் முதல் காரியமாகத் தோலுக்குக் குத்துகிற மை முத்திரையை எடுத்து, பெரிய மச்சான் தோளில் ஒன்றும் இவர் தோளில் வேறொன்றும் குத்திவிட்டார். இனி மாற முடியாது என்று அவருக்கு நிம்மதி. பெரிய மச்சான் ஒற்றைக் காலில் நின்றார். ஆட்டம் இருந்தது, ஆனால் விழவில்லை. ஒருத்தர் கூடச் சிரிக்கவில்லை. பிறகு இவர் முறை வந்தது.

கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார். கைக்குட்டையை எடுத்து மடித்துக் கொடுத்தார். கோட்டின் முனையில் போய் நின்றார். நடங்க என்றார் டாக்டர். இவர் நடக்கவில்லை.

"எங்க அண்ணன் மாதிரி நடக்கவாய்யா?" என்று கேட்டார்.

"வேணாம். உங்க மாதிரி நடங்க."

இவர் நின்றுகொண்டே இருந்தார். கோட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். கேலி இல்லை, பயமும் இல்லை. தொலைந்த சாமானைத் தேடுகிற மாதிரி உண்மையிலேயே தேடினார்.

"அது எப்படிங்கய்யா இருக்கும்?" என்றார்.

பெரிய மச்சான் திரும்பித் தோல் குவியலைப் பார்த்து நின்றுகொண்டார். முடி முளைத்துவந்த தலை குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அழுதால் இவர் பயந்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன். எழுந்து கோட்டின் அந்த முனைக்குப் போய் இவரைப் பார்த்து நின்றேன்.

"என்னங்க, இங்க வாங்க" என்றேன்.

வந்தார். சாய்வில்லை, விறைப்புமில்லை. சின்னச் சின்ன அடி. கை இரண்டையும் கொஞ்சம் அகட்டிக்கொண்டு, பாதத்தை முழுசாகப் பதித்து, தரை இருக்கிறதா என்று கேட்டுக்கேட்டு வைத்தார். கடிகாரத்தைப் பார்க்கப் பக்ருதீன் பாய் மறந்தே போனார். என் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"இப்படித்தானா வள்ளி?"

"இப்படித்தாங்க" என்றேன். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.